ஒழுகும் குழாயும் கற்ற கையும்

நூலறிவு பெற்றோர் நாட்டில் பெருகியுள்ளனர். கைத்திறன் பெற்றோர் வீட்டில் அருகி வருகின்றனர். இம்முரண்பாட்டைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பட்டதாரிகள் மூவர் வாழும் வீட்டின் அடுக்களையில் ஒழுகும் குழாயே போதிய சான்றாகும். குழாயின் அடியில் ஒரு வாளி வைக்கப்படும். அதன் வாயில் ஒரு துணி கட்டப்படும். 'ஆள் வரட்டும்' என்று நாள்கள் நகரும். வீட்டுக் குழாயின் சிறு பழுதுகளை வீட்டாரே நீக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும், அதுவும் கல்வியின் ஒரு கூறே என்பதும் நம் கருத்து.

சொட்டின் கணக்கு

ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால், பத்துச் சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் குறைத்துக் கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு 8 லிட்டருக்கு மேலும், ஆண்டொன்றுக்கு 3,000 லிட்டருக்கு மேலும் வீணாகிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரியின் முன் குடங்களோடு காத்து நின்றவர்கள் அந்த 3,000 லிட்டரின் மதிப்பை அறிவர்.

பழுதின் இயல்பு

இத்துணை இழப்புக்கும் காரணம் பெரும்பாலும் சிறியதொரு வாஷரே. திருகுக் குழாயின் தலையைத் திருப்புங்கால் உள்ளே தண்டு இறங்குகிறது. அதன் நுனியிலுள்ள வாஷர் நீர்வழியை அழுத்தி அடைக்கிறது. வாஷர் தேய்ந்தால் நீர் கசிகிறது. அப்போது நாம் செய்வது என்ன? மேலும் வலிந்து முறுக்குகிறோம். அதனால் வாஷர் விரைவில் கிழிவதோடு, அது அமரும் இடமும் தேய்கிறது. வலிமையால் தீராத ஒன்றை வலிமையால் தீர்க்க முயல்கிறோம்.

செய்ய வேண்டுவது எளிது. முதலில் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடிய விட வேண்டும். சிறு திருகுகள் விழுந்து போகாதவாறு கீழேயுள்ள நீர்போக்குத் துளையைத் துணியால் மூட வேண்டும். குழாயின் உடலை ஒரு கருவியால் பிடித்துக்கொண்டு, தலைப்பகுதியை ஸ்பானரால் இடப்புறமாகத் திருகிக் கழற்றி, அதே அளவுள்ள புதிய வாஷரைப் பொருத்த வேண்டும். வாஷர் அமரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தல் நன்று. அங்கே குழி விழுந்திருப்பின் குழாயையே மாற்ற வேண்டியதுதான். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் இத்தகைய வாஷர் இராது. அவற்றின் உட்பகுதியை முழுமையாக மாற்ற வேண்டும்.

கழிப்பறைத் தொட்டியின் கசிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. தொட்டி நீரில் சிறிது வண்ணம் கலந்து, அரைமணி நேரம் நீர் இறக்காது காத்திருந்தால், வண்ணம் கீழே வந்து கசிவைக் காட்டிவிடும்.

எல்லை அறிதல்

தன் கையால் செய்வதே சிறப்பு என்று எல்லாவற்றிலும் கைவைப்பதும் பேதைமை. சுவருக்குள் புதைந்த குழாய், மின்சாரத்தால் இயங்கும் மோட்டார், வெந்நீர்க் கலன் ஆகியவை தேர்ந்தவர் கைக்கு உரியவை. கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது; அங்கு தேங்கும் நச்சுவாயு நொடியில் உயிரைக் குடிக்கும். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவிப்பதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ள நாட்டில், கூலி கொடுத்துப் பிறரை இறக்குவதும் குற்றமே.

'நாமே செய்துகொண்டால் பிளம்பரின் பிழைப்பு என்னாவது?' என்று வினவுவோர் உளர். ஒரு வாஷருக்காக அவர் தம் அரைநாளை இழப்பதில்லை. அவருக்குரிய பெரும்பணிகள் பலவுள. மேலும், ஒருமுறையேனும் துருவேறிய மரையோடு போராடியவர், அடுத்த முறை அவர் கேட்கும் கூலியில் பேரம் பேச நாணுவார். உழைப்பின் அருமையை உழைத்த கையே அறியும்.

கல்வியும் கையும்

1937இல் காந்தியடிகள் கூட்டிய வார்தா கல்வி மாநாட்டையொட்டி, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை வகுத்தது. கையும் அறிவும் பிரிந்து நிற்றல் ஆகாது என்பதே அதன் உட்கிடை. நாமோ மதிப்பெண்ணைப் பற்றிக்கொண்டு கையை மறந்தோம். மகளிரும் மைந்தரும் ஒருங்கே கற்கத்தக்க இப்பணியை, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு பிற்பகல் ஒதுக்கி, தேர்ந்த பிளம்பர் ஒருவரையே ஆசிரியராக அமர்த்திக் கற்பிக்கலாம். பேராசிரியர்களும் மாணவரோடு அமர்ந்து கற்பாராயின், கைத்தொழில் இழிவன்று என்பதற்கு வேறு சொற்பொழிவு வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே! இவ்விடுமுறையில் வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுக் குழாய்களை ஒருமுறை பாருங்கள். ஒழுகும் குழாயின் அடியில் அன்னையார் வைத்த வாளி இருக்குமாயின், அதை எடுக்கும் பொறுப்பு இனி உங்களுடையது.