ஓய்வுக்கு ஒரு படகு

காயெடுப்பு முடிந்து ஏலக்காய் ஸ்டோர்களில் சூடு தணியும் மாசி, பங்குனி மாதங்களில், போடிநாயக்கனூரிலும் அதைச் சூழ்ந்த பொட்டிபுரம் போன்ற மலையடிவார ஊர்களிலும் அண்மைக்காலமாகப் புதியதொரு பேச்சு காதில் விழுகிறது. முன்பெல்லாம் இதே பருவத்தில் வேளாங்கண்ணிக்கு வேன் பிடிப்பது பற்றிப் பேசிய வசதியுள்ள குடும்பங்கள், இன்று மாலத்தீவுக்கு வானூர்தியில் சென்று, அங்கே உல்லாசப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு முழுமையாக வாடகைக்கு அமர்த்தித் தீவு தீவாகச் சுற்றி வருவது பற்றிப் பேசுகின்றன. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் செலவு தாங்கும் என்கிறார்கள். எந்தத் தீவில் மீன் பார்ப்பது, எந்த மணல்திட்டில் இரவு விருந்து வைப்பது என்று தாளில் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அவர்களுள் ஞாயிறு திருப்பலியில் நம்மோடு ஒரே வரிசையில் முழந்தாளிடுகிறவர்களும் உண்டு. ஆகவே இது பிறர் காரியமன்று. நம் குடும்பக் காரியம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். ஓய்வை நாம் பழிக்கவில்லை. ஏழாம் நாளைப் புனிதமாக்கிய இறைவனின் மக்கள் ஓய்வைப் பழிக்க முடியாது. உழைப்போர் அனைவர்க்கும் போதிய ஓய்வும் குடும்பத்தோடு கழிக்க நேரமும் வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் வலியுறுத்தியது. கடலையும் நாம் பழிக்கவில்லை. மலைக்காரர்களாகிய நமக்குக் கடல் காண ஆசை வருவது இயல்பே. நாம் பழிப்பது வேறொன்றை: ஓய்வு என்னும் பெயரால் ஒரு கடலையும், அதன் தீவுகளையும், அங்கு உழைக்கும் மனிதரையும் ஒரு வாரத்துக்கு விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணும் மனத்தை.

இத்தகைய படகில் நாம் எதை வாங்குகிறோம் என்பதைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஓட்டுநர் இன்றிப் படகை மட்டும் வாடகைக்கு எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குப் படகோட்டும் சான்றிதழ் வேண்டும். நம்மவர்க்கு அது இல்லை. ஆகவே படகுத் தலைவர், சமையற்காரர், தளப் பணியாளர் ஆகியோருடன்தான் படகு வரும். பெரிய படகுகளில் வாடகை என்று சொல்லப்படுவது முழுச் செலவன்று. எரிபொருள், உணவு, துறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்குத் தனியே முன்பணம் கட்ட வேண்டும். பணியாளர்க்கான அன்பளிப்பு அதற்கும் மேல். குளிர்சாதனம் இயங்க இரவெல்லாம் டீசல் எரியும். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் கடல்நீரை நன்னீராக்கும் பொறி ஓடும், அதற்கும் டீசலே. கவனமின்றி நங்கூரத்தை இறக்கினால், பல தலைமுறைக் காலம் வளர்ந்த பவளப்பாறையை அதன் சங்கிலி ஒரே இரவில் அறுத்துப் போடும்.

நாம் நீச்சலடித்துக் களிக்கப் போகும் அந்தப் பவளம் ஏற்கெனவே நோயுற்றது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் 1998-இல் மாலத்தீவிலும் இலட்சத்தீவிலும் பவளங்கள் பேரளவில் வெளிறி மடிந்தன. 2016-இலும் 2024-இலும் அந்தச் சேதம் திரும்ப நிகழ்ந்தது. மாலத்தீவின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கிறது. 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தபோது, குடிக்க நீரின்றித் தவித்த மக்களுக்கு இந்தியா வானூர்தியிலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது. விருந்தினர் விட்டுச் செல்லும் குப்பையும் நகரத்துக் குப்பையும் 1990-களிலிருந்து திலாஃபுஷி என்னும் இடத்தில் கொட்டப்பட்டு, அங்கே குப்பையாலேயே ஒரு தீவு உருவாகியிருக்கிறது. விளம்பரத் தாளில் இந்தத் தீவு இடம்பெறுவதில்லை.

ஓய்வுக்காகப் படகில் ஏறியவர்களைப் பற்றி நற்செய்தியிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பணிக்குச் சென்று களைத்துத் திரும்பிய சீடரை, உண்ணக்கூட நேரமில்லாதிருந்த அவர்களை, தனிமையான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி ஆண்டவரே அழைக்கிறார். அவர்கள் படகேறிப் புறப்படுகிறார்கள். ஆனால் மக்கள் கரைவழியே ஓடி அவர்களுக்கு முன்பே அங்குச் சேர்ந்துவிடுகிறார்கள். கரையிறங்கிய ஆண்டவர், தம் ஓய்வு குலைந்ததென்று படகைத் திருப்பவில்லை. அம்மக்களைக் கண்டு மனமிரங்குகிறார். ஐந்து அப்பமும் இரு மீனும் பகிரப்பட்டது அந்தக் குலைந்த ஓய்வு நாளில்தான். இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. ஓய்வு ஆண்டவர் தரும் கொடை என்பது ஒன்று. கரையில் நிற்கும் மனிதரைக் காணாமலிருக்கும் உரிமையை அந்த ஓய்வு நமக்குத் தரவில்லை என்பது மற்றொன்று. இன்று நம்மவர் வகுக்கும் திட்டமோ, கரையில் ஒருவருமே நிற்காத தீவாகத் தேடி எடுக்கிறது. ஆளில்லாத் தீவு என்பதே அதன் பெருமை.

பிறருடைய ஓய்வுக்கு வெறும் காட்சிப்பொருளாக இருப்பது எப்படிப்பட்டது என்பதை நம்மைப் போல் அறிந்தவர் யார்? நம் மலைக்கும் விருந்தினர் வருகிறார்கள். மூணாற்றுக்கும் கொழுக்குமலைக்கும் செல்வோருக்குப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் படமெடுக்கும் இடங்கள். நம் பெண்களுக்கோ அவை நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பாதை. 2018 மார்ச் 11-ஆம் நாளை நாம் மறக்கவில்லை. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அது. வெளியூர்களிலிருந்து மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த இளம் உயிர்களுக்காக இன்றும் செபிக்கிறோம்; அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எரியும் சரிவில் ஏறி, காயமுற்றவர்களைத் தூக்கிவர முதலில் ஓடியவர்களுள் குரங்கணி மக்களும் இருந்தார்கள். பருவத்தையும் காற்றையும் புல்லின் காய்ச்சலையும் அறிந்தவர்கள் அவர்களே. பயணம் திட்டமிடப்பட்டபோது அவர்களிடம் யாராவது கேட்டிருந்தால்? இந்தக் கேள்வியை நம் மலையைப் பற்றிக் கேட்கிற நாம், பிறருடைய கடலுக்குப் போகும்போது அதை மறந்துவிடலாமா?

இங்கே மறுப்புகள் எழும். நம்மைப் போன்றோர் போனால்தானே தீவு மக்களுக்குப் பிழைப்பு என்பார் சிலர். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1972-இல் தொடங்கிய சுற்றுலாவே இன்று மாலத்தீவின் முதன்மை வருவாய். ஆனால் அந்த வருவாய் யாரிடம் போய்ச் சேர்ந்தது? நெடுங்காலம் விருந்தினர்க்கென்று தனித் தீவு, குடிமக்களுக்கென்று தனித் தீவு என்றே அந்நாட்டில் பிரித்து வைத்திருந்தார்கள். குடியிருப்புத் தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் விருந்தினர் இல்லம் நடத்த ஏறக்குறைய 2009-க்குப் பிறகே வழி திறந்தது. ஆகவே தீவு மக்களின் பிழைப்பில் உண்மையான அக்கறை உடையவர்கள் அவர்களுடைய இல்லத்தில் தங்கலாம். அவர்களுடைய கடையில் உண்ணலாம். அவர்கள் ஏறும் பொதுப் படகில் ஏறலாம். தனிப்படகில் உணவை நிரப்பிக்கொண்டு, ஊர் உள்ள தீவுகளைச் சுற்றிக் கடந்து, ஊரில்லாத தீவில் இறங்குகிறவர்கள் பிழைப்பு கொடுப்பதாகச் சொல்வது பொருந்தாது.

என் உழைப்பு, என் பணம், என் விருப்பம் என்பது அடுத்த மறுப்பு. உங்கள் உழைப்பை நாம் மறுக்கவில்லை. விலை சரிந்த ஆண்டுகளில் ஏலக்காய் வணிகர் பட்ட துன்பத்தையும், மழை பொய்த்த ஆண்டுகளில் தோட்டக்காரர் பட்ட துன்பத்தையும் அருகிருந்து பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்தக் காயைச் செடியின் அடியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பறித்த கைகள் வேறு. காயெடுப்பு ஓய்ந்த கோடையில்தான் உங்கள் படகுப் பயணம். அதே கோடையில் காயெடுக்கும் பெண்களுக்கு வேலை நாள்கள் குறைகின்றன. ஒரே பருவம் ஒரு வீட்டில் ஓய்வு என்று பெயர் பெறுகிறது. மறு வீட்டில் வேலையின்மை என்று பெயர் பெறுகிறது. இருபது நாள் உழைத்தவர்க்கு ஊதியத்துடன் ஒரு நாள் விடுப்பு என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஐந்து எக்டேருக்குக் குறைந்த தோட்டங்களையும், பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தோட்டங்களையும் அது பொதுவாகத் தொடவில்லை. நம் மலையில் ஏலத்தோட்டங்கள் பலவும் சிறியவை. கூலிக்கு ஏறி இறங்கும் பெண்கள் எந்தப் பேரேட்டிலும் நிலையாக இடம்பெறாதவர்கள். சட்டம் எட்டாத இடத்தில் மனச்சான்றாவது எட்ட வேண்டாமா? தன் தோட்டத்துப் பெண்ணுக்கு ஆண்டில் ஒரு வாரம் கூலியோடு ஓய்வு தர எண்ணாதவர், தமக்கு ஒரு வாரம் கடலையே வாடகைக்கு எடுப்பதை நாம் என்னவென்று அழைப்பது?

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. படைப்பின் அழகில் இறைவனைக் காணத்தானே போகிறோம் என்பது அது. நல்லது. ஆனால் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் நமக்கு நினைவூட்டியது, பூமியின் ஓலத்தையும் ஏழைகளின் ஓலத்தையும் பிரித்துக் கேட்க முடியாது என்பதே. அவர் திருத்தந்தையானபின் உரோமைக்கு வெளியே மேற்கொண்ட முதல் பயணமும் ஒரு தீவுக்குத்தான். 2013 ஜூலையில் அவர் சென்ற லாம்பெதூசாத் தீவு, கடலில் மூழ்கிய அகதிகளின் நினைவால் கனத்த தீவு. படைத்தவரைத் தேடிச் செல்வோர் தவக்கால ஞாயிறுகளில் திருப்பலிக்கு வழியில்லாத இடத்தைத் தேர்ந்து செல்வதும் வியப்பே. பிற சமயத்தாரின் பொதுவழிபாட்டுக்கு மாலத்தீவின் சட்டம் இடம் தருவதில்லை. அந்நாட்டார் சட்டத்தை மதிப்பது நம் கடமை. நம் நாள்காட்டியை நாம் மறந்து திட்டமிட்டது நம் குறை.

தீவுகள் வேண்டுமென்றால் நம் கடலிலும் தீவுகள் உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1986-இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளத்தை வெட்டி எடுத்த பேராசையால் அவற்றுள் இரண்டு நீரில் மூழ்கிப்போயின. எஞ்சியவற்றில் நாம் விரும்பியபடி இறங்க அனுமதி இல்லை, அது சரியே. ஒரு தீவை நேசிக்கும் வழிகளுள், அதில் காலடி வைக்காமலிருப்பதும் ஒன்று.

காலடி வைக்க வேண்டுமென்றால் கச்சத்தீவு உண்டு. 285 ஏக்கர் அளவுள்ள அந்தச் சிறு தீவில், யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் புனித அந்தோணியார் ஆலயம் நிற்கிறது. அங்கே நிலையான குடியிருப்பு இல்லை, குடிநீர் இல்லை. 1974-இல் தீவு இலங்கைக்கு உரியதென ஒப்பந்தமான போதும், திருப்பயணிகள் முன்போல் சென்றுவரலாம் என்று அதிலேயே எழுதப்பட்டது. போர்க் காலத்தில் விழா நின்றது, பின்னர்த் தொடர்ந்தது. மீனவர் கைதானதைக் கண்டித்து 2024-இல் நம் கரையினர் விழாவைப் புறக்கணித்தனர். 2025-இல் மீண்டும் சென்றனர். அங்கும் திட்டமிடல் உண்டு: விண்ணப்பம், அடையாள அட்டை, சோதனை, குடிநீர், மறுநாளுக்கான உணவு. அங்கும் படகு உண்டு: மீனவரின் படகு. ஆனால் அந்தப் படகில் யாரும் உரிமையாளரல்லர், எல்லாரும் விருந்தினர். சிலுவைப் பாதை, திருப்பலி, வெறுந்தரையில் உறக்கம், கடலுக்கு அப்பாலிருந்து வந்த தமிழ் உறவுகளோடு ஓர் இரவுப் பேச்சு. சென்று வந்தவரைக் கேளுங்கள். களைத்து வந்தேன் என்பார், ஓய்ந்து வந்தேன் என்றும் சொல்வார்.

இதே கடலை 1687-இல் ஒருவர் கடந்தார். டச்சுக்காரரின் தடையை மீறி, கூலியாள் கோலத்தில், தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணம் சென்ற புனித யோசேப்பு வாஸ் அவர். கரை சேர்ந்தபோது நோயுற்று இரப்பவராக நின்றார். அந்தக் கரையின் ஏழைகளே அவரைத் தாங்கினர். நாம் எல்லாரும் அவரைப் போல் போக முடியாது. ஆனால் தீவுகளுக்குப் போவதில் இரண்டு வகை உண்டு என்பதையாவது அவரிடம் கற்கலாம்.

ஆகவே நம் பங்குகளில் உள்ள வசதியுள்ள குடும்பங்களிடம் வெளிப்படையாகவே கேட்கிறோம். தாளில் கோடு போடுமுன் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். நாம் குடிக்கப் போவது யாருடைய தண்ணீர்? நமக்குப் பணி செய்வோர்க்கு ஓய்வுநாள் எது? நம் ஞாயிறு எங்கே? நம் தோட்டத்தில் காயெடுத்தவர்க்கு இவ்வாண்டு ஓய்வு கிடைத்ததா? இந்த நான்காம் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை மற்ற மூன்றும் காத்திருக்கட்டும். படகின் முன்பணத்தை அனுப்பும் நாளிலேயே, உங்கள் தோட்டப் பெண்களின் ஒரு வார விடுப்புக் கூலியையும் எண்ணி வையுங்கள். இரண்டுக்கும் பணம் போதாது என்றால், எதை நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. நாளை விடியுமுன் போடிமெட்டுச் சாலையில் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்து நிற்கிறவர்கள் அதைச் சொல்வார்கள். கரையிறங்கி அவர்களிடம் கேட்க வேண்டியதுதான்.