கடமையான குளிப்பும் கொட்டும் முடியும்

எங்கள் உறவில் ஓர் இளந்தாய். பிள்ளை பிறந்து நான்காவது மாதம். குளிப்பு கடமையாகியிருந்தும் குளிக்காமல், ஒரு நாள் சுப்ஹையும் லுஹரையும் விட்டுவிட்டாள். காரணம் கேட்ட உம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “தலைக்குத் தண்ணி ஊத்துனா கை நிறைய முடி வருதும்மா. பார்க்கவே பயமா இருக்கு. நாளைக்குக் குளிச்சுக்கலாம்னு இருந்துட்டேன்.”

சோம்பலால் தொழுகையை விடுகிற பெண் அல்லள் அவள். கடமையான குளிப்பு என்றால் ஷாம்பு போட்டு, நகம் பதியத் தேய்த்து, முடியை அலசிப் பிழிந்தால்தான் நிறைவேறும் என்று சிறுவயதில் யாரோ அவள் மனத்தில் பதித்துவிட்டார்கள். அப்படித் தேய்க்கும்போது முடி வருகிறது. முடி வருவதால் குளிப்பு தள்ளிப்போகிறது. அதனால் தொழுகை களாவாகிறது. இதை வாய்விட்டுச் சொல்லாத பெண்கள் நம் வீடுகளில் இன்னும் பலர் இருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

முதலில் முடியின் கதையைப் பார்ப்போம். நலமாக இருக்கும் ஒருவருக்கே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. கருவுற்றிருக்கும் காலத்தில் ஹார்மோன்களின் தூண்டுதலால் உதிர வேண்டிய முடிகளும் உதிராமல் தங்கிவிடுகின்றன. பேறு முடிந்து இரண்டு முதல் நான்கு மாதங்களில் அவை ஒருசேர விடைபெறுகின்றன. பிள்ளையின் முதல் ஆண்டு நிறைவதற்குள் பெரும்பாலோருக்கு இது சீராகிவிடும். குளியலறையில் கையோடு வரும் முடி அன்று தண்ணீர் பட்டதால் வேரற்றது அன்று; முன்னரே வேரை விட்டு நீங்கி, விழுவதற்குக் காத்திருந்தது. மூன்று நாள் குளிக்காமல் இருந்தால் மூன்று நாள் முடியும் ஒரே நாளில் வந்து அச்சத்தைப் பெருக்கும். அவ்வளவுதான்.

அடுத்து மார்க்கம் என்ன கேட்கிறது என்பது. கடமையான குளிப்பின் ஃபர்ளுகளை மதரஸாவில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் நிய்யத்தும், உடல் முழுவதும் தண்ணீர் படுவதும் என இரண்டு. ஹனஃபி மத்ஹபில் வாய் கொப்பளித்தல், மூக்கிற்குத் தண்ணீர் செலுத்துதல், உடல் முழுவதும் நனைத்தல் என மூன்று. எந்தப் பட்டியலிலும் சீயக்காய் இல்லை, ஷாம்பும் இல்லை.

தம் சடையை இறுகப் பின்னிக்கொள்ளும் வழக்கமுடைய உம்மு ஸலமா (ரலி) அவர்கள், ஜனாபத் குளிப்புக்காக அதை அவிழ்க்க வேண்டுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தேவையில்லை, தலையில் மூன்று கை அள்ளி ஊற்றிக்கொண்டு பின்னர் உடலெங்கும் ஊற்றிக்கொண்டால் போதும் என்பதே பதிலின் கருத்து. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குளிக்கும்போது சடையை அவிழ்த்துவிடுமாறு அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் பெண்களுக்கு ஏவுவதாகக் கேள்விப்பட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அப்படியானால் தலையையே மழித்துவிடச் சொல்லலாமே என்று வியந்ததும் அதே நூலில்தான் வருகிறது. அன்னையின் அந்தக் கூர்மையான கேள்வியை நம் ஊர்ப் பெண்கள் பயான்களில் அடிக்கடி நினைவூட்டினால் நல்லது.

இங்கே ஒரு கேள்வி எழும். மாதவிடாய்க் குளிப்பைப் பற்றி அஸ்மா (ரலி) அவர்கள் கேட்டபோது, இலந்தை இலையும் தண்ணீரும் கொண்டு தூய்மை செய்து, வேர்க்கால்களைத் தண்ணீர் அடையும்வரை தலையை நன்றாகத் தேய்க்குமாறு சொல்லப்பட்டிருக்கிறதே? உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேய்த்தலுக்கான எல்லை அந்த ஹதீஸிலேயே இருக்கிறது: தண்ணீர் வேர்க்கால்களை அடைவது. இலந்தை இலையைக் கொள்வது விரும்பத்தக்கது என்றே அறிஞர்கள் விளக்கினார்கள். கட்டாயம் என்று சொல்லவில்லை. அடர்ந்த, இறுகப் பின்னிய கூந்தலுக்குள் தண்ணீர் புகவே தேய்க்க வேண்டியிருக்கிறது. மெலிந்த முடியில் தடுக்க என்ன இருக்கிறது? ஷாஃபிஈ மத்ஹபின்படி முடியின் உள்ளும் புறமும் நனைய வேண்டும். அவிழ்க்காமல் உள்ளே நனையாது என்றால் அவிழ்க்கத்தான் வேண்டும். முடி குறையக் குறைய அதுவும் எளிதாகிறது. தலைமுடி கொட்டியவளுக்குக் கடமை கடினமாகவில்லை, இலேசாகியிருக்கிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே என் கருத்து இது: கடமையான குளிப்பையும் தலை அலசுதலையும் நம் வீடுகளில் இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குளிப்பு கடமையான போதெல்லாம் ஷாம்பு தேவையில்லை. விரல் நுனிகளால் வேர்க்கால்களைக் கோதி, மூன்று முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டால் தலையின் கடமை முடிந்தது. நபி (ஸல்) அவர்கள் குளித்த முறையும், அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தபடி, ஈர விரல்களால் முடியின் வேர்களைக் கோதிவிட்டு மூன்று கை அள்ளி ஊற்றுவதாகவே இருந்தது. ‘நனைந்ததோ இல்லையோ’ என்று குவளை குவளையாக ஊற்றித் தேய்ப்பது வஸ்வாஸ். அதற்குப் பணிந்தால் முடியும் மிஞ்சாது, நேரமும் மிஞ்சாது.

அழுக்கு நீக்கும் குளியலை வாரம் இருமுறை வைத்துக்கொள்ளலாம். குளிக்கப் போகுமுன், முடி உலர்ந்திருக்கும்போதே, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்த முடி இழுத்தால் நீளும், எளிதில் அறும். ஈரத்தில் சிக்கெடுப்பதைப்போல் முடிக்குக் கேடு வேறில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஷாம்பை அப்படியே தலையில் கொட்டாமல் குவளைத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியின் சதைப்பகுதியால் தலைத்தோலில் மட்டும் தடவுங்கள். வழிந்தோடும் நுரையே முடியின் நீளத்தைத் தூய்மையாக்கிவிடும். சீயக்காய்தான் பழக்கம் என்றால் சலித்த நைஸான தூளாக இருக்கட்டும். கரகரப்பு மெலிந்த முடியை உராயும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் வரும் ஊர்களில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது. சோப்பு அந்த நீரோடு சேர்ந்து படலமாக முடியில் ஒட்டிக்கொள்ளும்.

குளிக்குமுன் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுவது நம் உம்மம்மாக்களின் வழக்கம். அது கழுவும்போது முடியின் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்றும் காட்டியது. (ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.) தலையில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் தண்ணீர் பட்டு ஓடினால் குளிப்பு நிறைவேறும், உறைந்து கட்டியாக நின்று தடுத்தால்தான் நீக்க வேண்டும்.

குளித்த பின் துண்டை முறுக்கித் தலையில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய பருத்திக் கைலித் துணி ஒன்று போதும். ஒற்றி எடுத்தால் ஈரம் வந்துவிடும். கூட்டுக் குடும்பங்களில் ஈரத் தலையோடு அறையைவிட்டு வர நாணி, சொட்டச் சொட்ட முடியை இறுக்கி முடிந்து மேலே மஃப்தாவைக் கட்டிக்கொள்ளும் மருமகள்களை அறிவேன். இறுக்கம் முடியை வேரோடு இழுக்கிறது. ஈரம் தலைத்தோலைப் புழுங்க வைக்கிறது. அறைக்குள் சற்று நேரம் தளர விட்டு உலர்த்த அவளுக்கு அவகாசம் கொடுப்பது மாமிமார் செய்யக்கூடிய எளிய உதவி. ஏன் நேரமாகிறது என்று கதவைத் தட்டாமல் இருந்தாலே போதும்.

ஓராண்டு கடந்தும் உதிர்வு நிற்கவில்லை, வட்டமாகத் திட்டு விழுகிறது, களைப்பும் உதிரப்போக்கும் மிகுதி என்றால் எண்ணெயை மாற்றிக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் முடியில்தான் முதலில் தெரியலாம். புற்றுநோய் மருந்தால் முடி முழுவதும் போனவர், தலைத்தோலில் தண்ணீர் ஓடவிட்டாலே கடமை தீர்ந்தது. புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தால் தயம்மும் உள்ளிட்ட சலுகைகள் இருக்கின்றன. எது எப்படி என்பதை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மையித்தைக் குளிப்பாட்டச் செல்லும் மூத்த பெண்களுக்கு இதெல்லாம் புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது, உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் உடனிருந்த பெண்களும் அவர்களின் கூந்தலை அவிழ்த்துக் கழுவி மூன்று சடைகளாகப் பின்னிவிட்டார்கள். மையித்தின் முடியை அகன்ற பல் சீப்பால் மென்மையாக வார வேண்டும், உதிர்ந்த முடியை மையித்துடனேயே சேர்த்துவிட வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். கஃபன் துணிக்குள் உதிர்ந்த முடியைப் பொறுக்கி வைக்கும் அந்தக் கைகளே, நாற்பதாம் நாள் குளிப்பில் இளந்தாயின் தலையை அரக்கப் பரக்கத் தேய்க்கின்றன. அந்தச் சீப்பையும் அந்த மென்மையையும் வீட்டுக் குளியலறைக்கும் கொண்டுவர அவர்களைத்தான் கேட்க வேண்டும். எங்கள் இளந்தாயின் உம்மா அன்றே கடைக்குப் போய் அகன்ற பல் சீப்பொன்று வாங்கிவந்தார். அஸருக்கு முன் மகளின் தலையில் மூன்று குவளை தண்ணீரை அவரே ஊற்றினார்.