ஐஸுக்குக் கீழே மீன் உயிரோடு இருக்குமோ?

வீடும் வளவும்



சென்ற முறை கறிவேப்பிலைச் செடியை எப்போது வீட்டுக்குள் எடுப்பது என்று எழுதியிருந்தோம். அதன் பிறகு எங்களைக் கண்டவர்களில் பாதிப்பேர் கேட்டது மீனைப் பற்றி. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பழைய வீடு வாங்கிக் குடிபோகிற எங்கள் சனத்துக்குச் சில வேளை பின்வளவில் ஒரு சின்னத் தடாகமும் சேர்ந்து வந்துவிடுகிறது. முந்தி இருந்த வயதுபோன தம்பதிகள் ஆசைக்கு வெட்டியது. அதற்குள் ஏழெட்டுத் தங்கமீன். கோடை முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரே புழுகம். மீனுக்குப் பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் அங்கேதான் ஓட்டம். ஒக்டோபர் பிறக்கத் தகப்பனுக்குக் கவலை பிடிக்கிறது.

பக்டரியில் சாப்பாட்டு மேசையில் எங்களோடு இருக்கும் அண்ணை ஒருவர் கேட்டார். "தம்பி, உது முழுக்க உறைஞ்சு கட்டியாப் போகாதோ? சின்னவள் ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?" அந்தப் பிள்ளை ஊரில் விட்டுவிட்டு வந்த நாயைப் பற்றியே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மீனும் போய்விட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரப்போவதில்லை.

நாங்கள் ஓ.எல். உடன் படிப்பை விட்டவர்கள். மீன் வைத்தியர் அல்ல. ஆனால் எங்கள் வளவிலும் மீன் இருக்கிறது. லைப்ரரிப் புத்தகங்களில் பார்த்ததையும், கடைக்காரரிடமும் அயலட்டையிலும் கேட்டறிந்ததையும், வளவில் செய்து பார்த்ததையும் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கமீன் வெப்பநாட்டு மீன் அல்ல. சீனாவிலே ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் குளங்களில் வளர்த்து வந்த கெண்டைச் சாதி. குளிர் அதற்குப் புதிதல்ல. ஒற்றை வால் உள்ள சாதாரண தங்கமீன், நீள வால் உள்ள 'கொமெற்' ஆகியவை வெளியே குளிர்காலத்தைக் கழிக்கும். உருண்டை உடம்பும் இரட்டை வாலும், தலையில் பூப்போலச் சதையும், பிதுங்கின கண்ணும் உள்ளவை வேறு கதை. அவை கடையில் அழகு, ஐஸுக்குக் கீழே பலவீனம். அப்படியானவை இருந்தால் செப்டெம்பர் முடிவதற்கிடையில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

இனி அண்ணையின் கேள்விக்கு வருவோம். ஏன் முழுக்க உறையாது? தண்ணீருக்கு ஒரு குணம் இருக்கிறது. குளிரக் குளிரப் பாரமாகிக் கீழே போகும். 4 பாகை செல்சியசோடு அந்தக் கணக்கு மாறும். அதற்கும் கீழே குளிர்ந்தால் திரும்ப இலேசாகி மேலே வரும். ஆகையால் ஐஸ் மேலேதான் பிடிக்கும். அடியில் 4 பாகை அளவில் தண்ணீர் தங்கும். வெளியே சைபருக்குக் கீழே 20 என்று ரேடியோவில் சொன்னாலும், அடியில் படுத்திருக்கிற மீனுக்கு அது தெரியாது. இதெல்லாம் விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்ததுதான். சோதினைக்குப் பாடமாக்கினோம், சோதினையோடு மறந்தோம். ஐஸ் பிடிக்கிற குளம் யாழ்ப்பாணத்தில் எங்கே இருந்தது, நினைவில் வைத்திருக்க?

ஆனால் கிணறு இருந்தது. மார்கழி விடியற்காலையில் அள்ளிக் குளித்தால் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாக இருக்குமல்லவா? ஆழத்தில் மண் தன் சூட்டை விடாது. இங்கேயும் அதே கணக்கு. ரொறன்ரோவில் நிலம் 4 அடி வரை உறையலாம் என்று வைத்துத்தான் வீட்டுக்கு அத்திவாரம் போடுகிறார்கள். அப்படியென்றால் தடாகமும் 4 அடி வேண்டுமோ என்றால், அவ்வளவு தேவையில்லை. மேலே பிடிக்கிற ஐஸே அடித் தண்ணீருக்குப் போர்வை. ஒரு மூலையிலாவது 3 அடி ஆழம் இருந்தால் இந்த நகரத்துக்குப் போதும் என்பதுதான் கனகாலம் மீன் வைத்திருப்பவர்கள் சொல்வது. தடியொன்றை விட்டு அளந்து பாருங்கள். ஒன்றரை அடி, இரண்டு அடி என்றால் இந்த வருடம் மீனை உள்ளே எடுங்கள். அடுத்த கோடையில் ஒரு பக்கத்தை ஆழமாக்கலாம். நிலத்துக்கு மேலே வைத்த பீப்பா, பிளாஸ்ரிக் தொட்டி எதிலும் விடவே கூடாது. அதற்கு மண்ணின் துணை இல்லை. நாலு பக்கத்தாலும் உறைந்து வரும்.

உள்ளே எடுக்கிறவர்கள் பேஸ்மென்றில் ஹீற்றர் காற்றுப் படாத குளிர்ந்த மூலையில் பெரிய தொட்டி வைத்து, தடாகத்துத் தண்ணீரையே நிரப்பி, குமிழி விடும் சின்னப் பம்பும் பூட்டினால் சரி. குளிர்ந்த தண்ணீரில் நின்றதை எடுத்துச் சட்டென்று இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டால் அதிர்ச்சியிலேயே போய்விடும்.

வெளியே விடுகிறவர்களுக்குப் பெரிய வேலை இலையுதிர் காலத்தில்தான். குளிரை விடக் கூடுதலாக மீனைக் கொல்வது மேப்பிள் இலை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இலை விழுந்து அடியில் ஊறி அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனைத் தின்று நச்சு வாயுவை விடும். மேலே ஐஸ் மூடி போட்டுவிட்டால் அந்த வாயு வெளியே போக வழியில்லை. ஆகவே இலை கொட்டத் தொடங்குமுன் தடாகத்துக்கு மேலே ஒரு வலையை இழுத்துக் கட்டுங்கள். முதலே விழுந்ததை வாரி எடுங்கள். ரக்கூனும் நாரையும் கை வைக்காமல் இருக்கவும் அந்த வலை உதவும்.

சாப்பாடு அடுத்தது. எங்கள் ஆட்களுக்கு இது கஷ்டம். குளிருக்கு நல்லாய்ச் சாப்பிட வேண்டும் என்று நாங்கள் பிள்ளைக்குத் தீத்துகிற மாதிரி மீனுக்கும் போடுவோம். தங்கமீனின் வயிறு தண்ணீரின் சூட்டில்தான் வேலை செய்கிறது. 15 பாகைக்குக் கீழே இறங்கினால் இலேசாகச் செமிக்கிற கோதுமை முளைத் தீனிக்கு மாறி, அதையும் குறையுங்கள். 10 பாகைக்குக் கீழே ஒன்றுமே போடக் கூடாது. சாப்பாடு இல்லாமல் நாலைந்து மாதம் கிடக்கும். கோடையில் தின்றது ஈரலில் சேர்ந்திருக்கும், அதில்தான் சீவிக்கும். சில டொலருக்கு மிதக்கும் வெப்பமானி விற்கிறார்கள். கையை விட்டுப் பார்த்து மதிப்பிடுவதை விட அது நல்லது.

டிசம்பரில் ஐஸ் பிடித்த பின் மீனுக்கு வேண்டியது ஒரு மூச்சுத் துவாரம். தடாகம் முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை. சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஒரு இடம் திறந்திருந்தால் காணும். இதற்கு மிதக்கும் ஹீற்றர் கடையில் இருக்கிறது. ஆனால் வாங்கமுன் பெட்டியில் எத்தனை வற் என்று பாருங்கள். 1500 வற் ஹீற்றர் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 36 யூனிற். மணித்தியாலச் சம்பளக்காரர் வீட்டு ஹைட்ரோ பில்லுக்கு அது தாங்காது. தேவையான நேரம் மட்டும் தானாக மூட்டி அணைக்கிற, சின்ன வற் உள்ளதைத் தேடுங்கள். 40 வற் காற்றுப் பம்ப் என்றால் நாள் முழுக்க ஓடியும் ஒரு யூனிற்றுக்குள் அடங்கும். குமிழிக் கல்லை அடியில் போடாமல் மேலே ஓரடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். அடியில் போட்டால் மேலே உள்ள கடுங்குளிர்த் தண்ணீரும் கீழே உள்ள 4 பாகைத் தண்ணீரும் கலந்து, மீனின் படுக்கையே குளிர்ந்துவிடும். மின்சாரம் எடுப்பது, கசிவு வந்தால் தானாக வெட்டுகிற வெளிப்புறப் பிளக்கில் இருந்துதான். வீட்டுக்குள்ளே இருந்து ஜன்னலால் வயர் இழுக்கிற வேலை வேண்டாம்.

துவாரம் மூடிப்போனால் சுத்தியலோ அலவாங்கோ எடுக்காதீர்கள். ஐஸில் அடிக்கிற அடி தண்ணீருக்குள்ளால் போய் மீனைத் தாக்கும். கேத்திலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு சட்டியில் ஊற்றி, சட்டியை ஐஸின் மேல் வையுங்கள். அது தானே உருக்கிக்கொண்டு இறங்கும். படிக்கட்டுக்குப் போடுகிற உப்பைத் தடாகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளை ஐஸின் மேல் ஏற விடவும் வேண்டாம். துவாரத்தைச் சுற்றி ஐஸ் மெல்லிசாகத்தான் இருக்கும்.

கரண்ட் போனால்? 2013 டிசம்பர் 21, 22 இல் அடித்த உறைமழையில் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. சில இடங்களில் நத்தாருக்குப் பிறகும் வரவில்லை. அப்படி ஒரு நேரத்தில் நீங்கள் பிள்ளைகளின் குளிரைப் பாருங்கள். மீன் சில நாளைக்குத் தன்னைத்தான் பார்க்கும். எப்படி என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது. ஒட்சிசன் இல்லாவிட்டால் மற்றப் பிராணிகளின் உடம்பில் அமிலம் சேர்ந்து உயிர் போகும். தங்கமீன் அந்த அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுளால் வெளியே விட்டுவிடும். பகிடி இல்லை. வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷூப்ரிட்ஜ், ஹொச்சாச்கா என்ற இருவர் 1980 இல் இதை எழுதினார்கள். 2017 இல் ஒஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழகத்தார், தங்கமீனின் நெருங்கிய இனமான கெண்டை ஒன்றின் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அற்ககோல் சேரும் என்று காட்டினார்கள். ஒன்ராறியோவில் அந்த அளவோடு கார் ஓட்டினால் லைசென்ஸ் அந்த இடத்திலேயே பறிபோகும். எங்கள் பேஸ்மென்ற் பார்ட்டிகளில் இதைச் சொன்னால் சிலர் மீனைக் கும்பிடக் கூடும்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்த முறை பேனா எடுத்தோம். இத்தனை வேலையா என்று மலைத்துப்போய், ஐப்பசிக் குளிர் தொடங்க மீனை வாளியில் அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பூங்காக் குளத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொல்ல மனமில்லை, எங்கேயாவது சீவித்துப் போகட்டும் என்ற எண்ணம். உயிரை விடுவித்தால் புண்ணியம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த இளகின மனசை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே எழுதியதைத் திரும்ப ஒருக்கால் பாருங்கள். ஒட்சிசன் இல்லாமலே தாக்குப் பிடிக்கிற மீன் அது. அந்தக் குளத்தில் அது சாகாது. பெருகும். அடிச் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், நீர்ச்செடியைப் பிடுங்கும், மற்ற மீனின் முட்டையைத் தின்னும்.

ஹமில்ரன் துறைமுகத்தில் இன்று அதுதான் நடக்கிறது. அங்கே கூற்ஸ் பரடைஸ் என்றொரு சதுப்புநிலம். ஐரோப்பாவில் இருந்து வந்த பெரிய கெண்டை மீன் அதை அழித்துவிட்டது என்று, றோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ்காரர் 1990களில் அதன் வாசலில் மீன் தடுப்பு ஒன்றைக் கட்டினார்கள். கெண்டை வெளியே நிற்கிறது. சின்னத் தங்கமீனோ கம்பி இடைவெளியால் புகுந்துவிடுகிறது. மத்திய அரசின் மீன்வளத் திணைக்களத்தார் தங்கமீன்களுக்குள் சமிக்ஞைக் கருவி வைத்து, எங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன, எங்கே முட்டையிடப் போகின்றன என்று தேடித் திரிந்தார்கள். நயாகரா ஆற்றில் 2019 இல் 14 அங்குல நீளத் தங்கமீன் ஒன்று அகப்பட்டது. எங்கள் புறநகர்களில் வீட்டுத் திட்டங்களுக்கு நடுவே இருக்கிற மழைநீர்க் குளங்களிலும் செம்மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பெருமழையில் அவை நிரம்பினால் ஓடை, ஓடையில் இருந்து ஆறு, பிறகு ஒன்ராறியோ ஏரி. இலங்கையில் 1952 இல் உணவுக்கென்று திலாப்பியாவைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று எந்தக் குளத்தில் இருந்து அதைத் திருப்பி எடுக்கலாம்? அதுவாவது கறிக்கு உதவியது.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மீனை ஆற்றில் குளத்தில் விடுவது இங்கே சட்டப்படி குற்றமும் கூட. பைல் உள்ளவர்களுக்கும், பேப்பருக்குக் காத்திருப்பவர்களுக்கும் இந்த வசனத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்கிறோம். வீதியோரக் கானுக்குள் ஊற்றுவதும் அதே மாதிரித்தான். சில கான்களின் பக்கத்தில் மஞ்சள் மீன் படம் கீறியிருக்கும். 1991 இல் தொடங்கிய ஒரு திட்டம். இதற்குள் ஊற்றுவது ஓடைக்குப் போகிறது என்று அதற்கு அர்த்தம். வைத்திருக்க ஏலாதவர்கள், வாங்கின கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். ஆழமான தடாகம் உள்ள அயலவரைக் கேளுங்கள். கோயில் நோட்டீஸ் பலகையில் ஒரு துண்டு எழுதி ஒட்டினாலே ஆட்கள் வருவார்கள்.

சாப்பாட்டு மேசை அண்ணையின் தடாகத்தை ஞாயிற்றுக்கிழமை போய் அளந்து பார்த்தோம். நடுவிலே மூன்று அடியும் நாலு விரலும். மீன் ஒன்பது, எல்லாம் ஒற்றை வால். வலையைக் கட்டிவிட்டு வந்தோம். சின்னவளிடம், மீன் அடியில் அசையாமல் நித்திரை மாதிரிக் கிடக்கும், ஐஸில் தட்டி எழுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.

பங்குனி, சித்திரையில் ஐஸ் உருகியவுடன் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் 10 பாகைக்கு மேல் ஏறி, ஒரு கிழமை அப்படியே நின்ற பிறகுதான் முதல் தீனி. தண்ணீர் குறைந்திருந்தால் பைப் தண்ணீரை நேரே விடாதீர்கள். வாளியில் ஒரு இரவு வைத்தால் மருந்து பறந்துவிடும் என்பார்கள். வெறும் குளோரீன் என்றால் அது சரி. ரொறன்ரோத் தண்ணீரில் குளோரீனோடு அமோனியாவும் சேர்த்து விடுகிறார்கள். அந்தக் கலவை ஒரு இரவில் போகாது. மீன் கடையில் அதை முறிக்கிற மருந்து சின்னப் போத்தலில் இருக்கிறது. தண்ணீரின் அளவுக்குக் கணக்காக விட்டுக் கலந்து, பிறகு ஊற்றுங்கள். வலையைக் கழற்றிக் கழுவிக் காயவிட்டு, கராஜில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கொழுவுங்கள்.