ஐந்து மில்லிமீட்டர்



நடுத்தரக் காரில் பெரிய காரின் எஞ்சினைப் பொருத்தி, 1964-ஆம் ஆண்டு வடிவாக அமெரிக்காவில் வெளிவந்தது போண்டியாக் ஜி.டி.ஓ. இத்தகைய வேகக் கார்களை அங்கே 'மஸில் கார்' என்பர். அதன் 1966-ஆம் ஆண்டு வடிவின் மாதிரியைச் சென்ற கோடை விடுமுறையில் என் புதல்வன் அமைக்க முற்பட்டான்.

மேற்கூடு, அசலில் 25-இல் ஒரு பங்கு. அடிச்சட்டம் உடைந்துபோகவே, 24-இல் ஒரு பங்கான வேறொரு ஜி.டி.ஓ. மாதிரியின் சட்டத்தை வாங்கித் தந்தேன். ஓர் எண்தானே வேற்றுமை என்று எண்ணினேன். அசல் காரில் முன்பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 115 அங்குலம். அதை 25-ஆல் வகுத்தால் சுமார் 117 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் சுமார் 122. அந்த 5 மில்லிமீட்டர் மிகையால் சக்கரம் கூட்டின் வளைவில் இடித்தது.

"வளைவைச் சற்று அராவிவிடு, யார் அளக்கப் போகிறார்கள்?" என்றேன்.

"வேண்டாம் அப்பா, பிறகு இது ஜி.டி.ஓ. ஆகாதே" என்றான்.

சட்டத்தை நடுவில் அறுத்து, மிகையை நீக்கி, அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டினான். பசை இறுக இரண்டு நாட்கள் காத்திருந்தோம். சக்கரம் தடையின்றிச் சுழன்றது.

ரயில்வே அலுவலகத்தில் பிறர் கணக்கில் பிழை காண்பவன் நான். அன்று என் பிழையை மகன் திருத்தினான். பிள்ளைகளுக்கு மாதிரி வாங்கும் பெற்றோர், பெட்டியின்மேல் உள்ள பங்கு எண்ணை முதலில் நோக்குக. பசையைச் சன்னலருகே, காற்றோட்டத்தில் கையாளச் செய்க. வண்ணம் பூசுவதைப் பற்றி அடுத்த திங்கள் காண்போம்.