விமானியைத் தண்டித்தால் மட்டும் போதுமா?

2024 மார்ச் 27, கொல்கத்தா விமான நிலையம். சென்னைக்குக் கிளம்பக் காத்து நின்ற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையை, தர்பங்கா செல்லவிருந்த இண்டிகோ விமானம் உரசியது. இறக்கை நுனி உடைந்தே விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இண்டிகோ விமானிகள் இருவரையும் பணிப் பட்டியலிலிருந்து நீக்கியது டிஜிசிஏ. அத்தோட முடிஞ்சுதா?

தரையில ஊர்ந்து போற விமானம்தானே, என்ன ஆகிடும்னு நினைக்காதீங்க. 1977-இல் இதே மார்ச் 27 அன்று, டெனரிஃப் தீவில் பனிமூட்டத்துக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள்.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல்படை விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து நிற்க, தரையிறங்கிய பயணிகள் விமானம் மோதியது. காவல்படையினர் 5 பேர் பலி. ஓடுபாதையில் விமானம் நிற்பதை எச்சரிக்கும் திரை கோபுரத்திலேயே இருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தனி ஆள் இல்லை! சில நாட்களிலேயே அதற்கென ஆள் போட்டது ஜப்பான்.

ஒன்றிய அரசே! பழி போடுறதுக்கு முன்னாடி ஆள் போடுங்க.

🔴 கட்டுப்பாட்டுக் கோபுரக் காலியிடங்களை நிரப்புங்கள்.
🔴 நெரிசலான எல்லா நிலையங்களிலும் தரை ரேடாரும், ஓடுபாதை வாசலில் சிவப்பு நிறுத்த விளக்குகளும் ஒழுங்காக இயங்குவதை உறுதி செய்யுங்கள்.
🔴 குறுக்கே வெட்டும் இரு ஓடுபாதைகள் உள்ள சென்னைக்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஒருத்தர் கண் அசந்தாலும் நூறு உயிர் தப்பணும். அதுக்குப் பேர்தான் பாதுகாப்பு!