முதல் குண்டு திரையில்தான்: படைப் பயிற்சிக்கான சிமுலேட்டர் முதலீடு குறித்து எங்கள் நிலைப்பாடு

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் முன்னாள் படைவீரர்களும் சுடுதளத்தை ஒட்டிய ஊர்களின் மக்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் செயற்குழு வெளியிடுவது)

நாரணமங்கலம் துப்பாக்கி சுடும் தளத்தைப் பற்றி உறுப்பினர்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. 2022 ஜனவரியில் மருதடி ஈச்சங்காட்டில் ஒரு வீட்டில் குண்டு வந்து விழுந்ததும், அதன் பிறகு நாங்கள் ஏறி இறங்கிய படிகளும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையை இங்கே திரும்ப எழுதவில்லை. இந்த அறிக்கைக்கு உடனடிக் காரணம் வேறு. அண்மையில் மனுவோடு போன எங்கள் ஆட்களிடம் ஓர் அலுவலகத்தில், "இனிமே எல்லாம் சிமுலேட்டர்தான். குண்டே வெடிக்காது. அப்புறம் எதுக்கு அலையிறீங்க?" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மறுபக்கம், எங்கள் முன்னாள் படைவீரர்களிலேயே சிலர், "திரையில சுட்டு எவனும் சிப்பாய் ஆனதில்ல, அந்தப் பணத்த ரவைக்குக் குடுக்கச் சொல்லி எழுதுங்க" என்று கேட்டார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று அமர்வுகள் பேசிய பிறகு, பெரும்பான்மைக் கருத்தாக இதை வெளியிடுகிறோம்.

படைப் பயிற்சிக்கான சிமுலேட்டர்களில் அரசு முதலீடு செய்வதைப் பொதுவாக வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பணம் எங்கே முதலில் போகிறது, யாருடைய கைக்குப் போகிறது, அதைக் காட்டி எதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வராமல் எங்கள் வரவேற்பு முழுமையாகாது.

பாதுகாப்பு அமைச்சகம் 2021 செப்டம்பரில், முப்படைகளும் சிமுலேட்டர்களைக் கூடுதலாகப் பயன்படுத்துவதற்கான செயல்திட்டத்தை வெளியிட்டது. சண்டையிடுபவர் தொடங்கி, பராமரிப்பவர், நிர்வாகம் பார்ப்பவர், கொள்முதல் கணக்குப் பார்ப்பவர் வரை எல்லோருடைய பயிற்சியையும் சிமுலேஷன் வழிக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். உள்நாட்டிலேயே வடிவமைத்து உள்நாட்டு நிறுவனங்கள் செய்யும் கருவிகளுக்கு முன்னுரிமை என்றும் அது சொல்கிறது. 2022 மே மாதம் ராணுவப் பயிற்சிக் கட்டளையகமும் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகமும் டெல்லியில் போர் விளையாட்டு ஆராய்ச்சி மையம் ஒன்றை உருவாக்க ஒப்பந்தம் போட்டன. எல்லாம் நல்லதே. விமானம் ஓட்டுபவர்களுக்கு இது புதிதும் இல்லை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929இலேயே மரப்பெட்டி விமானம் ஒன்றைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் உட்கார்ந்து பழகிவிட்டுத்தான் வானத்துக்குப் போனார்கள். இன்று சிமுலேட்டரைத் தொடாமல் ஒருவரைப் போர் விமானத்தில் ஏற்றுவோம் என்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு விமானத்தையும் ஒரு விமானியையும் இழக்க நாடு தயாராக இல்லை.

ஈச்சங்காட்டு வீட்டுக்காரரை இழக்க மட்டும் நாடு தயாரா? செயற்குழுவில் இந்த வரியை மென்மையாக்கச் சொன்னார்கள். மென்மையாக்கவில்லை.

விஷயம் இதுதான். டெல்லியில் போட்ட திட்டம் தரைப்படைக்கும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் உரியது. எங்கள் பக்கத்துத் தளங்களில் வந்து சுடுபவர்கள் மாநிலக் காவலர்களும் மத்தியக் காவல் படையினரும். முன்னவர்கள் மாநில அரசின் கீழ், பின்னவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ். பாதுகாப்பு அமைச்சகத்தின் திட்டத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குண்டுக்கு எந்த அமைச்சகம் என்று தெரியாது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது பயிற்சித் தளத்துக் குண்டு. 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்தான். அந்தத் தளத்தைத் தற்காலிகமாக மூட ஆட்சியர் உத்தரவிட்டார், முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் அறிவித்தார். அதே மாதத்தில்தான் ஈச்சங்காட்டிலும் குண்டு விழுந்தது. இங்கே உயிர் போகவில்லை. அது யாருடைய ஏற்பாட்டாலும் தப்பிய உயிர் இல்லை.

எங்களில் உஸ்தாதாக, அதாவது படையில் பயிற்சி கொடுப்பவராக, வேலை பார்த்தவர்கள் பலர் உண்டு. முதல்முறை ரைஃபிளைத் தோளில் பதிக்கும் பையன் என்ன செய்வான் என்பதை அவர்கள் நூறு நூறாகப் பார்த்தவர்கள். ரைஃபிளின் பின்கட்டை தோள்குழியில் சரியாக உட்காராது. கன்னம் கட்டையை விட்டு எழும்பும். சத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் கண் தானாக மூடிக்கொள்ளும்; டிரிகரை மெல்ல அழுத்துவதற்குப் பதில் வெடுக்கென்று இழுத்துவிடுவான். ரைஃபிள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அந்த நொடியில் குழலின் நுனி அரை சென்டிமீட்டர் எழும்பினால், 300 மீட்டர் தூரத்தில் குண்டு ஒன்றரை மீட்டர் உயரே போகும். ஒரு சென்டிமீட்டர் எழும்பினால் மூன்று மீட்டர். அதற்கு மேல் எழும்பினால் அது இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைத் தாண்டும், பிறகு எங்கே இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இதைத் திருத்துவதற்கு அந்தக் காலத்தில் நாங்கள் குழலின் நுனியில் ஒரு காசை வைத்து, வெறும் துப்பாக்கியின் டிரிகரை அழுத்தச் சொல்வோம். காசு விழாமல் அழுத்தும்வரை ரவை கிடையாது. எங்கள் சிமுலேட்டர் அதுதான்.

இன்றைய கருவி அந்தக் காசு செய்ததை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. உண்மையான எடையுள்ள ரைஃபிள், காற்றழுத்தத்தில் தோளை உதைக்கும், எதிரே திரை. சுடுவதற்கு முந்தைய நொடிகளில் குறி எப்படி அலைந்தது என்பதைத் திரையில் கோடாகப் போட்டுக் காட்டும். பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்க்கும் உஸ்தாதின் கண்ணுக்குப் பிடிபடாத நடுக்கம் அதில் தெரிந்துவிடும். பையன் நூறு முறை தவறு செய்யலாம். ஒரு குண்டும் எங்கும் போகாது. ஹைதராபாத்தில் உள்ள ஜென் டெக்னாலஜிஸ் 1993 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. கருவி கிடைக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அதனால் எங்கள் முதன்மைக் கோரிக்கை: சிமுலேட்டர் முதலீட்டில் முதல் பங்கு புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவர்களுக்கு, அதிலும் ஊர்களை ஒட்டிய தளங்களில் சுட வருபவர்களுக்குப் போக வேண்டும். அது எந்தப் படையாக இருந்தாலும் சரி. திரையில் தேர்ச்சி காட்டாத எவரும் அந்தத் தளங்களில் நிஜ ரவை சுடக் கூடாது என்று எழுத்தில் ஆணை வேண்டும். பெரிய போர் விளையாட்டு மையங்களுக்கும், தளபதிகள் மேசையில் நடத்தும் சண்டைக்கும் அடுத்த கட்டத்தில் பணம் போகட்டும். முதல் குண்டு திரையில். எத்தனையாவது குண்டு தளத்தில் என்பதை உஸ்தாத் முடிவு செய்யட்டும், தேதி அட்டவணை முடிவு செய்ய வேண்டாம்.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் முன்னாள் படைவீரர்களின் மறுப்பிலும் நியாயம் உண்டு. புழுதியும் வெயிலும், காதடைப்பும், பக்கத்து ஆள் சுட்ட காலித் தோட்டா சூடாகக் கழுத்துப்பட்டைக்குள் விழுவதும் திரையில் வராது. நிஜ ரவையே சுடாமல் ஒருவரை எல்லைக்கு அனுப்புவதை நாங்கள் ஏற்க மாட்டோம். இங்கே யாரும் பயிற்சிக்கு எதிரிகள் இல்லை. 2019இல் புல்வாமாவில் இறந்த சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடிக்காரர். அந்த உடல் ஊருக்கு வந்த நாளை மறக்காதவர்கள் நாங்கள். தேசபக்தியைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வர வேண்டாம்.

சிமுலேட்டர் வந்தால் தளத்துப் பிரச்சினை முடிந்தது என்ற அலுவலகப் பேச்சுக்கு எங்கள் பதில் இதுவே. மேலே எழும்பிப் போகும் குண்டைச் சிமுலேட்டர் குறைக்கும். பாறையில் பட்டுத் தெறிக்கும் குண்டை அது குறைக்காது. குறிபார்த்துச் சுட்ட குண்டும் கல்லில் பட்டால் திசை மாறும். இங்கே மலையும் பாறையும்தான் பின்புலம். அதற்கு மண்மேட்டை உயர்த்த வேண்டும், குண்டு தின்னும் மண்ணைக் காலாகாலத்தில் சலித்து ஈயத்தை எடுக்க வேண்டும், தலைக்கு மேல் தடுப்புப் பலகை வேண்டும். சிமுலேட்டருக்கு ஒதுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் தளச் சீரமைப்புக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். கருவியைக் காட்டி மண்மேட்டை மறந்தால் அதை நாங்கள் மோசடி என்றே சொல்வோம். செயற்குழுவில் சிலர் "கவனக்குறைவு" என்று எழுதச் சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்கிறோம்.

தளத்தை ஒட்டிய ஊர்களில், சுடும் பயிற்சிக்காகக் கொடி ஏறும் நாள் எப்படி இருக்கும் என்பதைத் திட்டம் போடுபவர்கள் ஒருமுறை வந்து பார்க்கட்டும். சின்ன வெங்காயத்துக்குக் களை எடுக்கப் போனவர்கள் முதல் சத்தத்துக்கே நிமிர்ந்து எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் மந்தையை ஓடையின் இந்தப் பக்கத்துக்கே திருப்பிவிடுவார். பள்ளி விடுமுறையாக இருந்தால், வாசலில் விளையாடும் பிள்ளைகளைப் பாட்டி பெயர் சொல்லி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவாள். ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே கதவைச் சாத்தி என்ன பயன் என்பது அவளுக்கும் தெரியும். ராணுவத்தின் களச் சுடுதலுக்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் வேண்டும் என்று 1938ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. போலீஸ் தளங்களுக்கும் அதே தெளிவோடு எழுத்தில் ஏற்பாடு வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலீட்டுத் திட்டம் பற்றிச் சுருக்கமாக. கருவியை வாங்கும் விலையை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. புரொஜெக்டர் மங்கும், கம்ப்ரஸர் நிற்கும், மென்பொருள் பழசாகும், மின்சாரம் போகும். பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவும், கருவியை நடத்தத் தெரிந்த உஸ்தாதின் சம்பளமும் முதல் நாளே திட்டத்தில் இருக்க வேண்டும். திறப்பு விழா நடத்திவிட்டுத் துணி போட்டு மூடி வைத்த கருவிகளை நாங்கள் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறோம். தேவையை முதலில் எழுதி, பிறகு கருவியைத் தேடுவதே முறை. விற்பவர் கொண்டுவந்த கருவிக்குத் தேவையை எழுதுவது வேண்டாம். திரையில் எடுத்த மதிப்பெண்ணும் தளத்தில் எடுத்த மதிப்பெண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஆண்டுதோறும் சரிபார்த்து, இயன்றவரை வெளியிட வேண்டும்.

அமர்வுகளில் எழுந்த வேறு சிலவும் உண்டு. அக்னிபத் திட்டத்தில் பயிற்சிக் காலம் குறைந்ததை ஈடுகட்ட சிமுலேட்டர் பயன்படலாம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இப்போதைக்கு நிலைப்பாடு எடுக்கவில்லை. என்.சி.சி. மாணவர்களுக்கும் சிமுலேட்டரில் வாய்ப்புத் தர வேண்டும். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் திருச்சி ஒரு மையம். பக்கத்திலேயே இருக்கும் இந்த இரு மாவட்டங்களின் பொறியியல், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பராமரிப்பு வேலையில் உரிய பங்கு தரப் பரிசீலிக்க வேண்டும். அரியலூரில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளங்களைத் தளமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த மண்ணில் உள்ள கடல் உயிரினத் தொல்லெச்சங்களையும், பள்ளத்தைச் சுற்றியுள்ள ஊர்களையும் காட்டிச் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த யோசனையை அமைப்பின் கோரிக்கையாக ஏற்கவில்லை.

இந்த அறிக்கை இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும், மாநில உள்துறைக்கும், மத்திய உள்துறை, பாதுகாப்பு அமைச்சகங்களுக்கும் தபாலில் போகிறது. நாரணமங்கலத்தில் அடுத்த பயிற்சிக்கான தேதி குறிக்கப்படும் முன், மண்மேட்டின் உயரத்தையும் பாதுகாப்பு எல்லையையும் எங்கள் பிரதிநிதிகள் முன்னிலையில் அளந்து காட்ட வேண்டும். அளவு நாடா எங்களிடம் இருக்கிறது.