நதியா வளையலுக்கு மறுவெளியீடு இல்லை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு பட்டியல் வரும். ‘எண்பதுகளில் வளர்ந்தவரா? அப்படியானால் இதெல்லாம் ஞாபகம் இருக்கும்’ என்று தொடங்கும். வாடகை சைக்கிள், பம்புசெட் குளியல், டீக்கடை ரேடியோ, கேசட் கடையில் பாட்டு எழுதிக்கொடுத்துப் பதிவு செய்தது, முதல் நாள் முதல் காட்சிக்கு லத்தி அடி வாங்கி டிக்கெட் எடுத்தது, டூரிங் டாக்கீஸில் மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்தது. போட்ட மாத்திரத்தில் அண்ணன்மாரும் மச்சான்மாரும் ‘பொற்காலம்’ என்று வரிசையாக எழுதுவார்கள்.

நானும் அதே காலத்தில்தான், கோவில்பட்டியில், வளர்ந்தேன். அந்தப் பட்டியலில் எனக்கு உள்ளது டூரிங் டாக்கீஸ் மணல் மட்டும். அதுவும் தடுப்புக்கு இந்தப் பக்கம், பெண்கள் பகுதியில். கேசட் கடைக்கு நான் போனதில்லை. பாட்டுப் பட்டியலை அண்ணனிடம் கொடுத்தனுப்புவேன். அவன் வழியிலேயே பாதியை அடித்துவிட்டுத் தன் பாட்டுகளை எழுதிக்கொள்வான். கேட்டால், “கடைக்காரர்ட்ட அந்தப் பாட்டு இல்லையாம்” என்பான். எனவே அந்தக் கேசட்டுகள் நினைவூட்டுவதும் அவனுடைய இளமையைத்தான்.

இப்போது ஞாபகத்துக்கு நல்ல விலை. ‘பாபா’ 2022இல் திரும்ப வந்தது, ‘வேட்டையாடு விளையாடு’ 2023இல், ‘கில்லி’ 2024இல், ‘கேப்டன் பிரபாகரன்’ 2025இல். புதுப்படங்களும் பழைய பாட்டை எடுத்து உரிய இடத்தில் வைத்து அரங்கை எழுப்பிவிடுகின்றன. ‘லப்பர் பந்து’ படத்தில் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒலித்தபோது நானும் கைதட்டினேன். விஜயகாந்தை எனக்கும் பிடிக்கும். என் பேச்சு அதைப் பற்றியதல்ல. ஒரு தலைமுறையின் நினைவு என்று பொதுப் பெயரில் விற்கப்படுவது, அந்தத் தலைமுறையில் வெளியே சுற்ற அனுமதி இருந்த பாதிப் பேரின் நினைவு. மீதிப் பாதிக்கும் ஒரு வெகுஜனப் பண்பாடு இருந்தது. அது வீட்டுக்குள் நடந்ததால் பட்டியலில் ஏறவில்லை.

1985இல் ‘பூவே பூச்சூடவா’ வந்தது. பாசில் இயக்கிய படம். பாட்டியாகப் பத்மினி, பேத்தியாக நதியா. கதையைத் தூக்கிச் செல்ல நாயகன் என்று ஒருவர் இல்லை. பிள்ளைகள் அடித்து விளையாடுகிறார்கள் என்று கழற்றிப்போட்ட அழைப்புமணியைப் பாட்டி திரும்ப மாட்டுகிறாளே, அந்த ஒரு காட்சிக்கு எங்கள் தெருவில் அழாதவர் கிடையாது. அடுத்த சில மாதங்களில் ஃபேன்சி ஸ்டோர்களில் நதியா வளையல், நதியா கம்மல், நதியா கொண்டை என்று எல்லாம் வந்துவிட்டன. அவற்றில் பாதி நதியா போட்டதே இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். கேட்டு வாங்குவதில் இருந்த துணிச்சல்தான் முக்கியம். பாவாடை தாவணி போட்ட ஊரில், யாரையும் பார்த்துக் குனியாத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிப் பொருள் வாங்கினோம். ரஜினி போல முடியைக் கோதியவர்களின் கதையை இன்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நதியா கொண்டை போட்டுப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவர்களின் கதையை நான் எங்கும் படிக்கவில்லை.

அதற்கு முந்தைய வருஷம் ‘விதி’. ஏமாற்றியவனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் பெண்ணாகப் பூர்ணிமா, அவளுக்காக வாதாடும் வக்கீலாகச் சுஜாதா. பாட்டைவிட அதன் வசனக் கேசட்தான் ஓடியது. எங்கள் பக்கம் சடங்கு வீடு, கல்யாண வீடு எல்லாவற்றிலும் குழாய் ஸ்பீக்கரில் ‘விதி’ வசனம் போட்டார்கள். தாலி கட்டி முடிந்த பந்தலில், பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று ஒரு பெண் வக்கீல் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பாள். யாருக்கும் அது முரணாகத் தெரியவில்லை. அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் அந்த இடம் வந்ததும் அரிவாள்மணையை விட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்தை ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கர் சொன்னது. அதைப் போல ஒன்று பிறகு வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நாம் கொண்டாடும் படங்களில் சில, பெண்ணைச் சரியாக்கி அடக்கி முடிப்பவை. 1992இல் வந்த ‘மன்னன்’ என்றால் எல்லாருக்கும் அம்மா பாட்டு நினைவுக்கு வரும். தொழிற்சாலையை நிர்வாகம் செய்த விஜயசாந்தி கடைசியில் அதை விட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒதுங்குவதோடு படம் முடிகிறது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நினைவுக்கு நல்ல கத்தரி இருக்கிறது. எது வேண்டாமோ அதை வெட்டிவிட்டுத்தான் பொற்காலம் என்கிறோம்.

சரி, வீட்டுக்குள் என்ன நடந்தது? எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் தீப்பெட்டி ஒட்டினார்கள். மைதாவும் மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை, நடுவில் ஒரு ரேடியோ. இலங்கை வானொலி எங்களுக்கு உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாக எடுக்கும். ‘பொங்கும் பூம்புனல்’ ஓடும்போது எந்தக் கை எத்தனை பெட்டி ஒட்டியது என்று தெரியாது. ஆண்கள் இன்றும் கே.எஸ். ராஜா மாதிரி, அப்துல் ஹமீது மாதிரி பேசிக் காட்டுவார்கள். எங்களுக்கு ராஜேஸ்வரி சண்முகம். அந்தக் குரலில் ‘நேயர்களே’ என்று ஒரு பெண் கூப்பிட்டால் நம்மைத்தான் கூப்பிடுகிறாள் என்று தோன்றும்.

மத்தியானம் ரேடியோ ஓய்ந்தபின் தொடர்கதை. எல்லாருக்கும் படிக்கத் தெரியாது. சித்தி எட்டாம் வகுப்பு வரை போனவள். வாரப் பத்திரிகை வந்த அன்று அவள் ஒட்ட வேண்டாம். அவள் பங்கு பெட்டிகளை மற்றவர்கள் பிரித்து ஒட்டிக்கொடுப்பார்கள், அவள் வாசிக்க வேண்டும். அதுதான் கூலி. லட்சுமி, சிவசங்கரி, அனுராதா ரமணன், இந்துமதி, வாஸந்தி. இவர்களில் யார் டாக்டர், யார் சாகித்ய அகாதமி விருது வாங்கினார் என்பதெல்லாம் அந்தத் திண்ணைக்குத் தெரியாது. (லட்சுமிதான், இரண்டுமே. விருது 1984இல்.) தெரிந்ததெல்லாம், அந்த வாரம் ‘தொடரும்’ எந்த இடத்தில் விழுந்தது என்பது. “அவ திரும்ப அவன்கூடப் போயிருவாளா?” என்று ஒரு வாரம் முழுக்கப் பேசுவார்கள். போகக் கூடாது என்று ஒரு கட்சி. பிள்ளை இருக்கே, போகாமல் என்ன செய்வாள் என்று ஒரு கட்சி. தன் கதையைச் சொல்ல முடியாதவர்கள் அவளுடைய கதையில் வைத்துச் சொன்னார்கள். போகக் கூடாது என்று அடித்துப் பேசிய ஒரு அக்கா, அந்த வருஷமே பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். கதையைப் படித்துத்தான் வந்தாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரு அவளை ஏசாததற்குக் கதைக்கும் பங்கு இருந்தது.

இலக்கியம் என்று உயர்த்தவில்லை. அந்தத் தொடர்களில் பல கடைசி அத்தியாயத்தில் கணவன் காலடிக்கே வந்து சேரும். ஆனால் முப்பது வாரம் நடுவில் அவள் யோசித்துக்கொண்டே இருந்தாளே, அந்த முப்பது வாரத்தைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கதை முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பள்ளி நோட்டு பைண்டு செய்கிறவரிடம் கொடுப்போம். அட்டை வைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டித் தருவார். ஜூன் மாதம் மட்டும் கொடுக்கக் கூடாது, பாடப்புத்தக வேலையில் கிடப்பில் போட்டுவிடுவார். அந்தப் பைண்டு புத்தகம் தெருவிலிருந்து தெருவுக்கு, காப்பித்தூள் கடன் வாங்க வந்தவளின் முந்தானைக்குள் ஒளிந்து போகும். மாருதி வரைந்த வட்ட முகப் பெண்கள் இருந்தால் கூடத்திலேயே வைக்கலாம். ஜெயராஜ் படம் என்றால் அப்பா வருகிறாரா என்று பார்த்துத்தான் பக்கம் திருப்ப வேண்டும். கதையின் ஓரத்தில் பாதி துணுக்கு, பாதி ஜோக், ஹார்லிக்ஸ் விளம்பரம், யாரோ பென்சிலால் எழுதிய ‘பாவி’.

இப்போது அதே நாவல்கள் அழகான அட்டையோடு கிடைக்கின்றன. படம் இல்லை, ‘தொடரும்’ இல்லை, ‘பாவி’ இல்லை. பைண்டு புத்தகங்கள்? வீடு காலி செய்யும்போதெல்லாம் எடைக்குப் போனவை அவைதான். பாத்திரத்துக்குப் பெயர் வெட்டி வைத்த குடும்பங்கள் இவற்றைக் கிலோக் கணக்கில் போட்டன.

மதிப்பில்லை என்று நினைத்ததைப் போட்டுவிடுவது நமக்குப் புதிதல்ல. 1931இல் டி.பி. ராஜலட்சுமி நடித்து வந்த ‘காளிதாஸ்’, முதல் தமிழ்ப் பேசும்படம். அதற்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. மாறாக, கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை எழுதும் கலைஞர், புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அடுத்தவர் கசக்கிப் போட்டதையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு, 1994இல், அந்தச் சேகரத்தின் மேல்தான் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. நாயகர்களின் படத்தைத் தூசி தட்டி 4கே ஆக்க முதலாளிகள் இருக்கிறார்கள். வசனக் கேசட்டுக்கும் பைண்டு புத்தகத்துக்கும் யாரும் வரமாட்டார்கள். மாவட்ட நூலகங்கள் பழைய பைண்டு தொடர்களைக் கேட்டு வாங்க ஒரு அலமாரி ஒதுக்கலாம். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை, அது புத்தகம்தான் என்று ஒப்புக்கொள்ளும் மனசு போதும். பட்டியல் அனுப்பும் அண்ணன்மாரும் அடுத்த முறை அனுப்பும் முன் உள்ளே இருக்கும் அக்கா தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

சித்தியுடையவற்றில் சில என்னிடம் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குத் தலைப்பு இல்லை. பைண்டுக்காரர் ஓரம் வெட்டும்போது கதைப் பெயரும் எழுதியவர் பெயரும் போய்விட்டன. திருச்சியில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்க்கும் பெண், அக்கா புருஷனின் கடனுக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறாள். மதுரைக்கு மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஜங்ஷனில் நிற்கிறாள். அதோடு பக்கங்கள் இல்லை. அவள் ரயில் ஏறினாளா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.